முகப்பில் டிவி, மூன்றாம் கட்டில் மோடம்

லீவுக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போகும்போது வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போகிறார்கள் போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அதை டிவியில் மாட்டிப் படம் பார்ப்பது பற்றித்தான். அதனால் பிரின்டர், போன் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: தம்பி, எனக்கு 68 வயது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். போன தடவை வந்தபோது அவனுடைய பழைய லேப்டாப்பையும், அதில் நிறையப் பழைய படங்களையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தச் சின்ன ஸ்கிரீனில் பார்த்தால் கண் வலிக்கிறது. டிவியில் தெரிய வைக்கலாம், ஒரு வயர் வாங்கினால் போதும் என்று போனில் சொல்கிறான், எந்த வயர் என்றுதான் எனக்குப் புரியவில்லை. — வாசகி, பள்ளத்தூர்

ஆச்சி, உங்கள் மகன் சொன்னது சரி, ஒரே ஒரு வயர்தான். ஆனால் கடைக்கு ஆள் அனுப்பும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். லேப்டாப்பின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், பென் டிரைவ் சொருகும் ஓட்டையைவிடக் கொஞ்சம் அகலமாக, மேல்பக்கம் அகன்றும் கீழ்ப்பக்கம் இரண்டு முனையும் சரிந்தும் ஒரு ஓட்டை இருக்கும். அதற்குப் பெயர் எச்.டி.எம்.ஐ. அதே வடிவ ஓட்டை டிவியின் பின்னாலோ பக்கவாட்டிலோ இரண்டு மூன்று இருக்கும், ஒன்று, இரண்டு என்று நம்பரும் போட்டிருப்பார்கள். அதில் ஒன்றில் ஏற்கெனவே செட்டாப் பாக்ஸ் வயர் இருந்தால் அதைத் தொட வேண்டாம், காலியாக இருப்பதில் மாட்டினால் போதும், நம்பரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் தடவிப் பார்த்து வாங்கி வந்து, பிறகு கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்கள் நிறைய. செல்போனில் இரண்டு ஓட்டையையும் படம் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டச் சொன்னால் தவறே வராது.

கடையில் 'எச்.டி.எம்.ஐ. கேபிள், மூன்று மீட்டர்' என்று கேட்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். தங்கமுலாம் பூசியது, படம் இன்னும் பளிச்சென்று தெரியும் என்று சொல்லி ஆயிரம் இரண்டாயிரத்துக்கு ஒன்றை எடுத்து நீட்டினால் வேண்டாம். இந்த வயரில் போவது டிஜிட்டல் சிக்னல், முழுதாகப் போய்ச் சேர்ந்தால் விலை குறைந்த வயரிலும் விலை கூடிய வயரிலும் ஒரே படம்தான் தெரியும். வயர் கெட்டிருந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மின்னும், இல்லாவிட்டால் படமே வராது, உங்களுக்கே தெரிந்துவிடும். இழுத்துக் கட்டாமல் தொய்வாக விழுகிற நீளம் இருக்கட்டும், இரண்டு பக்க ஓட்டையும் ரொம்ப நாள் வரும்.

இனி மாட்டும் முறை. டிவியையும் லேப்டாப்பையும் நிறுத்திவிட்டு வயரை இரண்டு பக்கமும் சொருகுங்கள் (ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்பதைக் கோட்டையூர் வாசகருக்கு எழுதியதில் படியுங்கள்). அப்புறம் இரண்டையும் போடுங்கள். டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தி நீங்கள் மாட்டிய நம்பரைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், டிவி செட்டாப் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும், லேப்டாப் படம் வேறு நம்பரில் காத்துக்கொண்டிருக்கும், வயர் சரியில்லை என்று கழற்றிவிடுவார்கள். அதற்கும் படம் வராவிட்டால் லேப்டாப்பில் கீழ்வரிசையில் நான்கு கட்டம் போட்ட விண்டோஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே 'பி' (P) எழுத்தைத் தட்டுங்கள். நான்கு வரி வரும். அதில் 'டூப்ளிகேட்' என்பதைத் தொட்டால் லேப்டாப்பில் தெரிவதே டிவியிலும் தெரியும். உங்களுக்கு அதுதான் வசதி. படம் மங்கலாக இருப்பது போலத் தோன்றினால் நான்காவது வரியான 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி'யைப் போட்டுப் பாருங்கள், லேப்டாப் ஸ்கிரீன் அணைந்து டிவியின் முழு அளவுக்குப் படம் வரும். வயரைக் கழற்றினால் லேப்டாப் ஸ்கிரீன் தானாகத் திரும்ப வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் வாங்கிக்கொள்ளுங்கள் ஆச்சி, ஒரு வயர் இல்லாத மவுஸ். நிறுத்தவும் ஓட்டவும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போக வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்தில் ஒரு பலகையில் வைத்துத் தட்டலாம். முழங்கால் வலியோடு பத்து தடவை எழுந்து உட்கார்ந்தால் யாருக்கும் படம் பார்க்கும் ஆசையே போய்விடும். எங்கள் அப்பத்தாவுக்கு நான் முதலில் வாங்கிக் கொடுத்தது அதைத்தான். அப்புறம் லேப்டாப்பை மெத்தை மேலேயோ தலையணை மேலேயோ வைக்காதீர்கள், அடியில் காற்றுப் போக வேண்டும், இல்லையென்றால் சூடாகி நின்றுவிடும்.

கேள்வி: வயர் மாட்டிவிட்டேன், படம் அருமையாக வருகிறது. சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே வருகிறது. — வாசகர், செக்காலை, காரைக்குடி

எச்.டி.எம்.ஐ. வயரிலேயே சத்தமும் போகும், தனி வயர் தேவையில்லை. லேப்டாப்பின் வலது கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, பக்கத்து அம்புக்குறியை அழுத்தினால் எந்த வழியாகச் சத்தம் வரவேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், அதில் உங்கள் டிவியின் பெயரைத் தொடுங்கள். பட்டியலில் டிவியே இல்லையென்றால் டிவி ஓடிக்கொண்டிருக்கிறதா, சரியான நம்பரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதே கேள்வியோடு வந்த இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய படங்களில் பாட்டும் சண்டையும் வீடே அதிர்கிறது, பேசுவது காதில் விழவில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். டிவியின் குறை இல்லை அது. தியேட்டரில் ஆறு வழியாகப் பிரித்துக் கொடுப்பதற்குச் சேர்த்த ஒலியை நம் டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் அடக்கும்போது, நடு ஸ்பீக்கரில் வரவேண்டிய பேச்சு அமுங்கிப் போகிறது. லேப்டாப்பில் வி.எல்.சி. என்ற படம் ஓட்டும் மென்பொருளில் பார்க்கிறவர்கள் கன்ட்ரோலோடு 'இ' (E) எழுத்தை அழுத்தி, ஆடியோவில் 'கம்ப்ரெசர்' என்பதைப் போட்டுவிடுங்கள், ஏற்ற இறக்கம் குறைந்து பேச்சு மேலே வரும். டிவியிலும் 'கிளியர் வாய்ஸ்' போல ஒரு பெயரில் செட்டிங் இருக்கும். காது கொஞ்சம் மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்து கொடுப்பது ரொம்ப அவசியம், சத்தம் கேட்கவில்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பேசாமல் எழுந்து போய்விடுவார்கள்.

கேள்வி: எங்கள் வீடு அந்தக் காலத்து வீடு. டிவி வாசல் பக்கத்து முகப்பில் இருக்கிறது, நெட் மோடம் வீட்டின் பின்பக்கம் மூன்றாம் கட்டில், அங்கேதான் போன் லைன் வருகிறது. வயர் எதற்கு, வைஃபையிலேயே டிவிக்கு அனுப்பலாம் என்று மருமகன் செய்து கொடுத்தார். இரண்டு நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. — வாசகர், கானாடுகாத்தான்

உங்கள் வீட்டுச் சுவர்தான் காரணம் ஐயா. செங்கலும் சுண்ணாம்புமாக முழங்கை நீளத்துக்குத் தடிமனாகக் கட்டிய சுவர், அதுவும் முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரைக்கும் எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டில், மூன்று அறை வீட்டுக்கென்று செய்த ஒரு மோடம் என்ன செய்யும்? வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு, 2.4 என்றும் 5 என்றும் காட்டும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டாது. 2.4 கொஞ்சம் தாண்டும், ஆனால் வேகம் குறைவு.

அதோடு மருமகன் செய்து கொடுத்த முறையில் சிக்னல் இரண்டு பயணம் போகிறது. மூன்றாம் கட்டு மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு ஒன்று, லேப்டாப்பிலிருந்து டிவிக்கு இன்னொன்று. விண்டோஸ் பட்டனோடு 'கே' எழுத்தை அழுத்தினால் வருகிறதே, அதற்கு 'மிராகாஸ்ட்' என்று பெயர், 2012-இல் வந்தது. அது லேப்டாப்பும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்கிற முறை, நடுவில் மோடம் தேவையே இல்லை. ஆகவே லேப்டாப்பிலேயே இறக்கி வைத்திருக்கும் படத்தை, டிவி இருக்கும் அதே முகப்பில் உட்கார்ந்து அனுப்பினால் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். நெட்டிலிருந்து வருகிற படம்தான் சுவரில் முட்டி நிற்கிறது.

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன், நம் பக்கத்து வீடுகளுக்கு வயர்தான் நிம்மதி. டிவிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே எச்.டி.எம்.ஐ. வயர் போட்டுவிட்டால் இரண்டாவது பயணம் ஒழிந்தது. முதல் பயணத்துக்கு மோடத்திலிருந்து முகப்புக்கு ஒரு 'கேட் 6' நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். அது 100 மீட்டர் வரைக்கும் தாராளமாகப் போகும், எவ்வளவு பெரிய வீட்டுக்கும் போதும். முகப்பில் அதன் முனையில் இன்னொரு சின்ன ரவுட்டரை வைத்துவிட்டால் அங்கேயே தனி வைஃபை கிடைக்கும், லீவுக்கு வருகிற பிள்ளைகளும் போனைத் தூக்கிக்கொண்டு நடு வளவில் (முற்றத்தில்) நிற்க வேண்டியதில்லை.

இழுக்கும்போது ஒரு வேண்டுகோள். முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி மாதிரி இழைத்த சுவரில் ஆணி அடிக்க விடாதீர்கள், தேக்கு நிலையில் டிரில் போட விடாதீர்கள். ஒருமுறை பெயர்ந்தால் அதே மாதிரி பூச இன்றைக்கு ஆள் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். கதவுக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரங்கள் வழியாகவும், உத்தரத்து ஓரமாகவும் கொண்டு போகலாம், முடிச்சுப் போட்டு நிறுத்தலாம். கரண்ட் வயர் போகிற பட்டியிலேயே இதையும் சேர்த்துத் திணிக்கக் கூடாது. வளவில் மழைச் சாரல் படுகிற இடத்தைத் தாண்டுவதாக இருந்தால் வெளிப்புறத்துக்கென்று விற்கிற கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

லேப்டாப்பை உள்ளே வைத்துக்கொண்டு எச்.டி.எம்.ஐ. வயரையே முகப்பு வரை இழுக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். சாதாரண வயர் ஏழெட்டு மீட்டருக்கு மேல் நம்பிக்கை இல்லை. அதற்கு மேலே போனால் ஒளியிழை வைத்த எச்.டி.எம்.ஐ. கேபிள் வருகிறது, விலை கூடுதல், அதற்குத் திசையும் உண்டு, 'சோர்ஸ்' என்று எழுதிய முனை லேப்டாப் பக்கம், 'டிஸ்பிளே' என்று எழுதிய முனை டிவி பக்கம். மாற்றிச் சொருகினால் ஒன்றும் வராது. சுவருக்குள் புதைத்த பிறகு கண்டுபிடித்தால் பெரிய வேதனை.

கேள்வி: வயரை லேப்டாப்பில் சொருகும்போது சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறது. லேப்டாப் கெட்டுப்போய்விட்டதா? — வாசகர், கோட்டையூர்

இந்த மாதம் வந்ததில் நான் இரண்டு தடவை படித்த கடிதம் இது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

லேப்டாப் சார்ஜரிலும் டிவிக்குள்ளும், இரைச்சல் மின்சாரத்தை வடிகட்ட ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். அது வழியாக மிகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் கசியும், அதை எர்த் வாங்கிக்கொள்ள வேண்டும். எர்த் இல்லையென்றால் அது லேப்டாப்பின் உலோகப் பாகத்திலும் வயரின் உலோக முனையிலும் வந்து நிற்கும். வெறும் காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நின்று தொட்டால் சுருக்கென்று தெரியும். அதனால் லேப்டாப் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை, வீட்டில் எர்த் இல்லை அல்லது செத்துவிட்டது என்று அர்த்தம்.

நம் பழைய வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. ஓடுகிற வயரிங் அப்பச்சி காலத்தது, பிளக் பாயின்ட் இரண்டு ஓட்டையோடு நின்றுவிட்டது, மூன்று ஓட்டை இருந்தாலும் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எர்த் குழி தோண்டியிருந்தாலும் நம் செம்மண் வறண்டு கிடக்கிற சித்திரை வைகாசியில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் அது வேலை செய்யாது. எங்கள் வீட்டில் ஒருவர் சார்ஜரின் மூன்று பின்னில் பெரிய பின் பாயின்ட்டில் நுழையவில்லை என்று அதை உடைத்துவிட்டுச் சொருகிவிட்டார். அதே மாதம் டிவியின் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இரண்டும் செத்துப்போயின. கசிகிற கரண்ட் வயரைச் சொருகும் நொடியில் டிவிக்குள் பாய்ந்தால், அந்த ஓட்டைக்குப் பின்னால் இருக்கும் நுணுக்கமான சில்லு தாங்காது. அதனால்தான் இரண்டையும் நிறுத்தி, முடிந்தால் பிளக்கையே உருவிவிட்டு, வயரைச் சொருகிய பிறகு போடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

கேபிள் டிவி வயர் இன்னொரு வாசல். தெருவில் பத்து வீடு தாண்டி வருகிற அந்த வயரின் மேல் உறையில் எங்கேயோ ஒரு வீட்டுக் கசிவு ஏறி வந்து உங்கள் செட்டாப் பாக்ஸில் நிற்கலாம், அதிலிருந்து டிவி, டிவியிலிருந்து உங்கள் கை. ஐப்பசி கார்த்திகை மழையில் இடி இடித்தால் அந்த வயரையும், கரண்ட் பிளக்கையும், நடுவில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. வயரையும் மூன்றையும் உருவி வையுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

செய்ய வேண்டியது இதுதான். லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், புதுக் குழி தோண்ட வேண்டுமென்றால் தோண்டுங்கள், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டச் சொல்லுங்கள், ஒரு ஆள் மேல் கரண்ட் பாய்ந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். சுருக்கென்று இல்லாமல் கையை உதறுகிற மாதிரி அடித்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்துங்கள், அது சாதாரணக் கசிவு இல்லை. படம் நாளைக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது பழைய டப்பா டிவி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைதான் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. — வாசகி, தேவகோட்டை

தூக்கிப் போட வேண்டாம். 'எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.' என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறது. 'ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.' என்றும் அதே மாதிரி பெட்டி உண்டு, அது நேர் எதிர்த் திசைக்கு, உங்களுக்கு ஆகாது, மேலே எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். லேப்டாப்பின் யு.எஸ்.பி.யிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு குட்டி வயர் கூடவே வரும், அதை மாட்டாமல் விட்டால் வேலை செய்யாது. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. பெட்டியின் பக்கத்தில் 'பால்', 'என்.டி.எஸ்.சி.' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பால் பக்கம் தள்ளுங்கள், மாறியிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ தெரியும். எழுத்தெல்லாம் படிக்க முடியாது, படம் நன்றாகவே பார்க்கலாம்.

கேள்வி: புது லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. ஓட்டையே இல்லை, டைப் சி மட்டும்தான். டைப் சி டு எச்.டி.எம்.ஐ. அடாப்டர் வாங்கினேன், படம் வரவில்லை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், அதிலும் வரவில்லை. — வாசகர், கண்டனூர்

அடாப்டரில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. டைப் சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும்தான், உள்ளே என்னென்ன வழி விட்டிருக்கிறார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலதில் சார்ஜ் ஏறும், பென் டிரைவ் வேலை செய்யும், படம் மட்டும் வெளியே போகாது. ஓட்டைக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, 'டி'யும் 'பி'யும் (DP) சேர்ந்த குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லாவிட்டாலும் சில மாடலில் வரும், உங்கள் மாடல் நம்பரைப் போட்டு அந்த டைப் சி 'டிஸ்பிளே போர்ட்' ஆதரிக்கிறதா என்று கம்பெனியின் விவரப் பக்கத்தில் பாருங்கள். இரண்டு டைப் சி இருந்தால் மற்றதிலும் சொருகிப் பாருங்கள், ஒன்றில் மட்டும் படம் வருவது உண்டு. இரண்டிலும் இல்லையென்றால் எத்தனை அடாப்டர் மாற்றினாலும் பயன் இல்லை, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மிராகாஸ்ட் முறைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: 43 அங்குல டிவி வாங்கியும் படம் முழு ஸ்கிரீனுக்கும் வரவில்லை. பழைய படத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு, புதுப் படத்தில் மேலும் கீழும் கறுப்பு. அப்பா, ஏமாந்துவிட்டோம் என்கிறார். ரிமோட்டில் ஜூம் பண்ணிப் பார்க்கிறோம், சரிதானே? — வாசகர், புதுவயல்

அப்பாவிடம் சொல்லுங்கள், யாரும் ஏமாற்றவில்லை. டிவியின் வடிவம் பதினாறுக்கு ஒன்பது. பழைய படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற வடிவத்தில் எடுக்கப்பட்டவை, அதனால் உயரம் நிறையும்போது அகலத்தில் முக்கால்வாசிதான் நிறையும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் வந்தது 1973-இல். புதுப் படங்களில் வருகிற அந்த வடிவம் டிவியைவிட அகலம், அதனால் அகலம் நிறையும்போது உயரத்தில் முக்கால்வாசிதான் வரும். கறுப்பாகத் தெரிவது காலி இடம், அங்கே படமே கிடையாது.

ஜூம் பண்ணினால் என்ன ஆகும்? பழைய படத்தில் தலைமுடியும் பாதமும் வெட்டுப்படும், இழுத்துவிட்டால் எல்லோரும் குட்டையாகக் குண்டாகத் தெரிவார்கள். புதுப் படத்தில் ஓரத்தில் நிற்கிறவர் காணாமல் போய்விடுவார். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1940-களில் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்தது இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான், கோடம்பாக்கம் போனதெல்லாம் அதற்குப் பிறகு. நம் மண்ணில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ஒவ்வொரு காட்சிக்கும் ஓரம் எங்கே முடிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தாரே, அதை நாம் ரிமோட்டில் ஒரே தட்டில் வெட்டிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அறை விளக்கை அணைத்தால் ஐந்து நிமிடத்தில் கண் அதை மறந்துவிடும்.

இதற்கு மாறாக, லேப்டாப் மாட்டியதும் கீழே இருக்கும் பட்டன் வரிசையே பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது டிவியின் பழைய பழக்கம், நான்கு ஓரத்தையும் கொஞ்சம் தள்ளிவிடும். பட அளவு செட்டிங்கில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருப்பதைப் போட்டால் சரியாகிவிடும். சினிமா பார்த்தாலும் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது என்று தோன்றினால் 'மோஷன்' என்று தொடங்கும் செட்டிங்கை நிறுத்திவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 படமாக எடுப்பது, டிவி நடுவில் தானாகப் படங்களைச் செய்து சொருகுவதால் வருகிற வழவழப்பு அது.

கேள்வி: அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. அவர்கள் கல்யாண வீடியோ கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. அந்தச் சாந்தி விசேஷத்தன்று வந்தவர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்ட ஆசை. — வாசகி, ஆத்தங்குடி

நல்ல ஆசை, நேரம் இருக்கும்போதே கேட்டீர்கள். கேசட்டை உடனே டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். மூடியைத் தூக்கி டேப்பின் விளிம்பைப் பாருங்கள், வெள்ளையாகத் தூள் மாதிரி பூசணம் பிடித்திருந்தால் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும், அப்படியே ஓட்டினால் டேப் கிழியும், டெக்கும் பாழாகும். சுத்தமாக இருந்தால் கேசட் டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை ஒரு யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாக லேப்டாப்பில் மாட்டி ஓடவிட்டுப் பதிவு செய்யலாம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. பதிந்ததும் இரண்டு இடத்தில் காப்பி வையுங்கள். வி.எல்.சி.யில் ஓட்டும்போது ஆட்கள் நகர்ந்தால் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும், 'டி' (D) எழுத்தைத் தட்டினால் போய்விடும்.

நூறு இருநூறு பேருக்கு 43 அங்குல டிவி போதாது, புரொஜெக்டர் வாடகைக்கு எடுங்கள். பகலில் வளவில் போட்டால் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது, பொழுது சாய்ந்த பிறகுதான். வெள்ளையடித்த சுவரே திரைக்குப் போதும். சத்தத்தை லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து மைக் செட்காரரிடம் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் பட்டனோடு 'பி' தட்டினால் வருகிற நான்கு வரியில் இந்தத் தடவை 'எக்ஸ்டெண்ட்'டைத் தேர்ந்தெடுங்கள், வீடியோவை மட்டும் சுவருக்குத் தள்ளிவிடலாம், உங்களுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் லேப்டாப்போடு நின்றுகொள்ளும். முந்தின நாள் சாயங்காலம் அதே இடத்தில், அதே வயரோடு ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். அன்றைக்கு ஆச்சிமார் எல்லோரும் உட்கார்ந்த பிறகு வயர் தேடக் கூடாது.

கேள்வி: போனில் ஓடிடி படம் ஓடுகிறது. அதே கணக்கை லேப்டாப்பில் போட்டு டிவியில் பார்க்கப் போனால் மறுக்கிறது. போன் ஸ்கிரீனை அப்படியே டிவிக்கு அனுப்பினால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. — கல்லூரி மாணவர், காரைக்குடி

தம்பி, நீங்கள் கட்டியிருப்பது மொபைல் திட்டமாக இருக்கும். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், லேப்டாப்பிலும் டிவியிலும் ஓடாது. கறுப்பாக வருவதும் கோளாறு இல்லை, காப்பி எடுக்காமல் இருக்கப் போட்டிருக்கும் பூட்டு. அந்தப் பூட்டை வயரும் புரிந்துகொள்ள வேண்டும், ஒரு லேப்டாப்பை இரண்டு டிவிக்குப் பிரிக்கிற மலிவான ஸ்பிளிட்டர் நடுவில் இருந்தால் சரியான திட்டத்திலும் கறுப்பாகலாம், அதை எடுத்துவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். திருட்டுப் படம் இறக்கும் வழி கேட்டிருந்தீர்கள், அதை இங்கே எழுதமாட்டேன். பழைய தமிழ்ப் படங்களைத் தயாரிப்பாளர்களே யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், அதிலேயே ஒரு வருடத்துக்குப் பார்க்கலாம்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு, பென் டிரைவில் போட்டு டிவியிலேயே சொருகினால் ஆகாதா? — வாசகர், குன்றக்குடி

தாராளமாக ஆகும், ஓடினால் அதுதான் சுலபம். ஓடாத இடங்கள் மூன்று. பென் டிரைவ் 'ஃபேட் 32' முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட படம் அதில் ஏறாது, 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் எடுத்து வையுங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால் ஒலி 'டி.டி.எஸ்.' வகையில் இருக்கும், பல டிவிகளுக்கு அது தெரியாது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டிவியில் தமிழ் எழுத்து இல்லை. அந்த மூன்றில் ஒன்று வந்தால் லேப்டாப்பை எடுங்கள், வி.எல்.சி.யில் பெரும்பாலும் ஓடிவிடும்.